டிக்கெட்டும் நாணயமும்

இங்கிலாந்தில் மேற்படிப்புப் படிக்கும் நமது பழைய மாணவன் ஒருவனிடமிருந்து சென்ற வாரம் நமக்கு ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்தில் அவன் நம்மிடம் பூகோளம் படித்தவன். பூகோளத்தில் அவனுக்கு இருந்த சிரத்தையைக் காட்டிலும் பந்தில் இருந்த சிரத்தை அதிகம். ஆகவே, கால்பந்தாட்டத்தைப் பற்றி ஏதேனும் எழுதியிருப்பான் என்று எதிர்பார்த்தே கடிதத்தைப் படிக்கத் தொடங்கினோம். எழுதித்தான் இருந்தான், ஆனால் சந்தோஷமான சமாசாரம் அல்ல.

பையனுடைய தகப்பனார் பஞ்சாலை ஒன்றில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். வாலிப வயதில் ஆலையின் கால்பந்துக் கோஷ்டியில் ஆடியவர். மகனைப் பார்க்க ஒரு மாதம் அங்கே போயிருந்தார். இத்தனை காலமும் தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டத்தை அப்பாவுக்கு நேரில் காட்டிவிட வேண்டும் என்று பையனுக்கு ஆசை. பிரீமியர் லீக் பந்தயம் ஒன்றுக்கு டிக்கெட் தேடினான். கிளப்பில் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தன. அந்தச் சமயத்தில் சமூக ஊடகத்தில் முகம் தெரியாத பரோபகாரி ஒருவர் தோன்றினார். தமது மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றும், இரண்டு ஆசனங்கள் வீணாகப் போகின்றன என்றும் வருந்தினார். ஆசனத்துக்கு 150 பவுண்டு வீதம் 300 பவுண்டைப் பையன் அவருடைய பாங்கிக் கணக்குக்கு அனுப்பினான். இரண்டு பார்கோடுகளின் படங்கள் அவனுடைய கைப்பேசிக்கு வந்து சேர்ந்தன.

பந்தயத்தன்று மைதானத்தின் சுழற்கதவில் கைப்பேசியைக் காட்டியபோது சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி காட்டினான், மறுபடியும் சிவப்புத்தான். காவலர் வந்து பார்த்துவிட்டு, "இந்த இரண்டு ஆசனங்களிலும் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்களே!" என்றாராம். தகப்பனும் மகனும் ஒதுங்கி மதிலோரம் நின்றார்கள். சற்று நேரத்துக்கெல்லாம் உள்ளே ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. "கோல் விழுந்துவிட்டது, யார் போட்டது என்றுதான் தெரியவில்லை" என்றார் தகப்பனார். வீடு திரும்பும் வழியில் அவர் சொன்ன இன்னொரு வார்த்தையையும் பையன் எழுதியிருக்கிறான்: "பணம் போனால் போகிறது, தம்பி. அந்தக் காவலர் நம்மைத் திருடர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாரே, அதுதான் மனத்தை விட்டுப் போகவில்லை."

"அசல் டிக்கெட் வாங்க வழி என்ன, ஸார்? விசாரித்து எழுதினால் என்னைப் போன்ற நாலு பேர் தப்புவார்கள்" என்று கடிதத்தில் கேட்டிருந்தான். பள்ளிக்கூட உபாத்தியாயருக்கும் சீமைப் பந்தய டிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் நினைக்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். விசாரிக்கப் புகுந்தபின், நமது தொழிலுக்கும் இதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு என்று கண்டோம்.

எப்படியெனில், ஒரு மாணவனுடைய மார்க்குப் பத்திரத்தை எவ்வளவு அழகாக அச்சடித்தாலும், பதிவேட்டில் அவன் பெயர் இல்லாவிட்டால் அது வெறுங் காகிதம். டிக்கெட்டும் அப்படியே. அதன் மெய்ம்மை காகிதத்திலும் இல்லை, பார்கோட்டிலும் இல்லை. இன்ன ஆசனம் இன்னாருக்கு என்று கிளப்பின் ஏட்டில் எழுதியிருக்கிறதே, அதிலேதான் இருக்கிறது. பையனுக்கு வந்த படங்கள் ஒரு வேளை உண்மையான பார்கோடுகளாகவே இருந்திருக்கலாம். ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்க எந்த மோசக்காரனுக்கும் ஒரு நிமிஷம் போதும். முதலில் வருகிறவன் உள்ளே போவான். மற்ற ஒன்பது பேருக்கும் சிவப்பு விளக்கு. இதனாலேயே இப்போது பெரிய கிளப்புகள் பலவும் டிக்கெட்டை வாங்கியவருடைய கைப்பேசிக்குள்ளேயே வைத்து, படம் பிடித்து அனுப்பினால் பயன்படாதபடி செய்திருக்கின்றன. ஆகவே முதற் பாடம் இது: படம் டிக்கெட் ஆகாது.

இரண்டாவது பாடம் சட்டத்தைப் பற்றியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், அதிகாரம் பெறாதவர் கால்பந்துப் பந்தய டிக்கெட்டைப் பிறருக்கு விற்பது 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். சங்கீதக் கச்சேரி டிக்கெட்டுக்கு இல்லாத இந்தக் கண்டிப்பு கால்பந்துக்கு மட்டும் ஏன்? லாபம் வைத்து விற்பதைத் தடுப்பதற்கு மட்டுமானால், வாங்கிய விலைக்கே விற்பவனை விட்டுவிடலாம். சட்டமோ அவனையும் விடவில்லை. எதிரிக் கோஷ்டிகளின் அபிமானிகளைத் தனித்தனிப் பகுதிகளில் உட்கார வைத்தால்தான் கைகலப்பு நேராது. யார் எங்கே உட்காருகிறார்கள் என்பது கிளப்புக்குத் தெரிந்தாக வேண்டும். கள்ள மார்க்கெட் டிக்கெட் இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடுகிறது. குற்றம் விற்பவனுடையது, வாங்குபவனுடையது அல்ல என்பது வாஸ்தவமே. ஆனாலும் அப்படி வாங்கிய டிக்கெட் அசலாகவே இருந்தாலும், கிளப் அதை ரத்து செய்து வாசலில் திருப்பி அனுப்பலாம்.

அப்படியானால் நேர்வழி என்ன? கிளப்பின் சொந்த இணையதளத்தில் சந்தா கட்டி அங்கத்தினராகச் சேர்வதே முதல் வழி. பெரிய கிளப்புகளில் வருஷம் முழுவதற்கும் ஆசனம் வாங்கியவர்கள் போக மிஞ்சுகிற டிக்கெட்டுகள் அங்கத்தினர்களுக்கே முதலில் கிடைக்கின்றன. பல இடங்களில் குலுக்கல் முறை உண்டு. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பந்தயத்துக்கு வர இயலாதவர்கள் தங்கள் ஆசனத்தைத் திருப்பிக் கொடுக்கவும், அதை மற்ற அங்கத்தினர்கள் வாங்கவும் பல கிளப்புகள் தாமே ஒரு பரிவர்த்தனை நடத்துகின்றன. அதில் டிக்கெட் புதிதாகப் பிறக்கிறது. பழைய பார்கோடு செத்துவிடுகிறது. ஏட்டிலேயே பெயர் மாறுவதால் மோசத்துக்கு இடமில்லை.

பணம் கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். முகம் தெரியாதவனுடைய பாங்கிக் கணக்குக்கு அனுப்பிய பணம் திரும்பி வரும் என்ற நிச்சயம் இல்லை. இங்கிலாந்தில் 1974-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின்படி, 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கி, விற்றவர் வாக்குத் தவறினால், கார்டு கொடுத்த நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். கார்டு வேண்டாம் என்று மறுக்கிற பரோபகாரியை அந்தக் கணமே சந்தேகிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அதிகாரபூர்வமான மறுவிற்பனை என்றால் நியாயமான விலை என்று எப்போதும் நம்பிவிட முடியாது. 2026-ஆம் வருஷத்து உலகக் கோப்பைக்கு ஃபிஃபா சம்மேளனம் ஏற்படுத்திய மறுவிற்பனைச் சந்தையில், அமெரிக்கப் பந்தயங்களின் டிக்கெட்டுகளை முகவிலைக்கு மேல் விற்க இடங்கொடுத்தார்கள். வாங்குபவரிடம் நூற்றுக்கு 15, விற்பவரிடம் நூற்றுக்கு 15 என்று கமிஷனும் வைத்தார்கள். டிக்கெட் அசல்தான், சந்தேகமில்லை. சாதாரண ஜனங்களுக்கு அது எட்டுமா என்பது வேறு கேள்வி.

இவ்வளவு கெடுபிடி எதற்கு, ஓர் ஆட்டம் பார்ப்பதற்கா என்று சிலர் கேட்கக்கூடும். டிக்கெட் என்பது பணம் வசூலிக்கும் சீட்டு மட்டுமல்ல, தலையை எண்ணும் சீட்டு என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 1923-ஆம் வருஷம் ஏப்ரல் 28-ஆம் தேதி லண்டனில் புதிதாகக் கட்டிய வெம்பிளி மைதானத்தில் முதன் முதலாக எஃப். ஏ. கோப்பை இறுதிப் பந்தயம் நடந்தது. முன்கூட்டியே டிக்கெட் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை அப்போது இல்லை. கணக்கில் ஏறியவர்கள் 126,047 பேர். மதில் ஏறி வந்தவர்களையும் சேர்த்தால் இரண்டு லக்ஷத்துக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். ஆடுகளமே ஜனசமுத்திரமாகிவிட்டது. வெள்ளைக் குதிரை ஏறிய போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தை மெள்ள மெள்ள விலக்கிய காட்சி இன்றும் பேசப்படுகிறது. அதற்குப் பிறகே இறுதிப் பந்தயத்துக்கு முன்னதாக டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும் அனுமதி என்று விதி செய்தார்கள். 2021-ஆம் வருஷம் அதே இடத்தில் எழுந்திருந்த புதிய வெம்பிளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் பந்தயத்தின்போது டிக்கெட் இல்லாத சுமார் 2,000 பேர் வாசல்களை முட்டித் தள்ளி உள்ளே புகுந்தார்கள். பெரும் பிராணநஷ்டம் நேராமற் போனது அதிர்ஷ்டமே என்று விசாரணை நடத்தியவர்கள் சொன்னார்கள்.

போலி டிக்கெட்டினால் விளையும் தீமை இத்துடன் முடிந்துவிடவில்லை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு யோக்கியர்களைக் குற்றவாளிகளாக்கவும் அதிகாரிகளால் முடிகிறது. 1989-ஆம் வருஷம் ஷெபீல்ட் நகரில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் அபிமானிகள் நெரிசலில் சிக்கினர். 97 உயிர்கள் பலியாயின. டிக்கெட் இல்லாமல் வந்த கூட்டமே காரணம் என்று போலீஸார் பழியைப் போட்டார்கள். போலீஸ் நிர்வாகம் தவறியதே முக்கிய காரணம் என்று அந்த வருஷமே நீதிபதி டெய்லர் கூறினார். இருந்தும், அபிமானிகள்மீது தவறில்லை என்று ஜூரிகளின் தீர்ப்பு வர 2016-ஆம் வருஷம் வரையில் அந்தக் குடும்பங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே லிவர்பூல் அபிமானிகள் 2022-ஆம் வருஷம் மே 28-ஆம் தேதி சாம்பியன்ஸ் லீக் இறுதிப் பந்தயத்துக்காகப் பாரிஸுக்குப் போனார்கள். வாசலில் மணிக்கணக்காக நிறுத்தி, கண்ணீர்ப் புகையும் பிரயோகித்தார்கள். ஆட்டம் அரை மணிக்கு மேல் தாமதமாயிற்று. முப்பதாயிரம், நாற்பதாயிரம் ஆங்கிலேயர்கள் டிக்கெட் இல்லாமலும் போலி டிக்கெட்டுடனும் வந்ததே காரணம் என்றார் பிரெஞ்சு உள்நாட்டு மந்திரி. சுழற்கதவுகளில் போலி என்று தென்பட்டவையோ சுமார் 2,600. தாம் கொடுத்த டிக்கெட்டுடன் வந்த நண்பரையே போலி என்று சொல்லித் தடுத்ததாக லிவர்பூல் ஆட்டக்காரர் ஆண்டி ராபர்ட்சன் சொன்னார். 2023-ஆம் வருஷம் வெளிவந்த சுயேச்சையான விசாரணை அறிக்கை, முதற் பொறுப்பு பந்தயத்தை நடத்திய ஐரோப்பியச் சம்மேளனத்தையே சாரும் என்று தீர்த்தது. லிவர்பூல் அபிமானிகளுக்கு டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சம்மேளனம் அறிவித்தது.

அந்த 2,600 போலிகள் ஒரு மந்திரியின் வாயில் நாற்பதாயிரமாகப் பெருகின. கள்ள மார்க்கெட்டில் வாங்குகிற ஒவ்வொருவரும், தம் பணத்தை மட்டுமின்றி, வரிசையில் நாணயமாக நிற்கும் அடுத்தவரின் மானத்தையும் பணயம் வைக்கிறார். நமது மாணவனுடைய தகப்பனார்மீது விழுந்த அந்தக் காவலரின் பார்வை, முன்பு வந்த போலிகளெல்லாம் சேர்ந்து உண்டாக்கிய பார்வை. பையனுக்கு இதை எழுத நமக்குச் சற்றுத் தயக்கமாகவே இருந்தது, எனினும் எழுதினோம்.

இது சீமைக்காரர்களின் நோய், நமக்கென்ன என்று இருக்கவும் இயலாது. 1911-ஆம் வருஷம் ஜூலை 29-ஆம் தேதி கல்கத்தாவில், ஒருவர் நீங்கலாக மற்றவரெல்லாம் வெறுங்காலுடன் ஆடிய மோகன் பகான் கோஷ்டி, கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை 2-1 என்று தோற்கடித்துக் கேடயம் பெற்றதை எண்ணி நாம் பெருமைப்படுகிறோம். அன்றைக்கும் டிக்கெட்டுகள் பல மடங்கு விலைக்குக் கைமாறியதாகச் சொல்வார்கள். ஆனால் அன்று நடந்த இன்னொன்றும் உண்டு. மைதானத்தை நெருங்க முடியாமல் தூரத்தில் நின்ற ஆயிரக்கணக்கான ஜனங்களுக்குப் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கைத் தெரிவித்தார்கள். வானத்தைப் பார்த்தே அவர்கள் ஆட்டத்தை அனுபவித்தார்கள். அவர்களுடைய ஆனந்தத்தில் ஒரு குறையும் இல்லை.

பையனுடைய கடிதத்தின் கடைசிப் பகுதியை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தோம். தகப்பனார் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின சனிக்கிழமை, பக்கத்து ஊரில் ஐந்தாம் வகுப்புக் கோஷ்டிகளின் பந்தயம் ஒன்று நடந்ததாம். இருவரும் போய், ஜன்னலில் தலைக்கு 20 பவுண்டு கொடுத்து டிக்கெட் வாங்கினார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆடுகளத்துக்கு அடுத்தாற்போல் இரண்டாவது வரிசையில் இடம். ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்குவதுகூடக் காதில் விழுந்ததாம். இடது கோடியில் ஒரு பையன் பந்தைக் கொண்டு ஓடியபோது தகப்பனார் தம்மை மறந்து, "அடிடா!" என்று கத்திவிட்டார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் அதற்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆட்டம் முடிகிற வரையில் தாமும் "அடிடா!" என்றே கத்தினாராம்.

அந்த டிக்கெட்டைத் தகப்பனார் தமது பர்ஸில் பத்திரமாக வைத்து ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார். காகிதம் மழையில் நனைந்து, அச்சுக்கூடக் கோணலாக விழுந்திருக்கிறதாம். ஆனால் டிக்கெட் அசல்.