கொலையா, கவனயீனமா? துப்பாக்கிச் சூட்டு வழக்கின் முதல் வரி

2016 ஒக்டோபர் 20 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் குளப்பிட்டிச் சந்திக்கு அருகில் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் உயிரிழந்தனர். மோட்டார் சைக்கிள் விபத்து என்றே முதலில் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் ஒருவரின் உடலில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருப்பது தெரியவந்த பிறகே ஐந்து பொலிஸார் கைதானார்கள். அந்தக் காயம் கவனிக்கப்படாமல் போயிருந்தால் அது இன்னொரு வீதி விபத்தாகவே முடிந்திருக்கும்.

நிறுத்தச் சொன்னபோது மாணவர்கள் நிற்கவில்லை என்பதே பொலிஸ் தரப்பு சொன்ன காரணம். நிற்காவிட்டால் சுடலாம் என்று எங்கள் ஊர்களில் பலரும் இன்றுவரை நம்புகிறார்கள். போர்க்காலச் சோதனைச் சாவடிகள் பழக்கிவிட்ட நம்பிக்கை அது. சட்டத்தில் அப்படி இல்லை. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23 ஆவது பிரிவு, கைதுசெய்யத் தேவையான நியாயமான பலத்தைப் பயன்படுத்தவே இடமளிக்கிறது. மரண தண்டனைக்குரிய குற்றம் சுமத்தப்படாத ஒருவரைக் கொல்லும் உரிமை இதனால் கிடைக்காது என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வாகனத்தை நிறுத்தாமல் செல்வது மரண தண்டனைக்குரிய குற்றம் அல்ல.

அப்படியானால் சுட்டவர் மீது என்ன குற்றம் சாட்டலாம்? தண்டனைச் சட்டக்கோவையில் மூன்று படிகள் உள்ளன. 296 ஆவது பிரிவின் கீழ் கொலை, அதற்கு மரண தண்டனை. 297 ஆவது பிரிவின் கீழ் கொலையாகாத மனிதக்கொலை, அதற்கு அதிகபட்சம் 20 ஆண்டுகள். 298 ஆவது பிரிவின் கீழ் கவனயீனத்தால் மரணம் விளைவித்தல், அதற்கு அதிகபட்சம் ஐந்தே ஆண்டுகள். தோட்டா ஒன்றுதான், சுட்டவரின் மனநிலையை எப்படி வாசிக்கிறோம் என்பதில்தான் இத்தனை வித்தியாசமும்.

சீருடைக்காரருக்கு இங்கே ஒரு தனி வாசலும் உண்டு. அரச ஊழியர் தன் அதிகாரத்தை மீறியிருந்தாலும், கடமைக்கு அவசியம், சட்டபூர்வமானது என்று நல்லெண்ணத்தோடு, பகைமையின்றி நம்பிச் செய்திருந்தால் கொலைக் குற்றம் ஒரு படி இறங்கும். ஆனால் அந்த நல்லெண்ணத்தை எப்படி அளப்பது? நடந்ததை விபத்தாகக் காட்ட முயற்சி நடந்திருந்தால், அதுவே நல்லெண்ண வாதத்துக்கு எதிரான வலுவான சாட்சி என்பது என் கருத்து. சட்டப்படி சுட்டதாக நம்புகிறவர் அதை மறைக்க வேண்டியதில்லை.

குளப்பிட்டியில் இரண்டாவது மாணவர் மோதியதில் ஏற்பட்ட காயங்களால் இறந்தவர். தோட்டா அவர் மீது படவில்லை என்பதால் அவருடைய மரணம் தனியான விபத்தாகிவிடாது. ஓடும் மோட்டார் சைக்கிளை நோக்கி இரவில் சுட்டால் என்ன நடக்கும் என்பது சுடுபவருக்குத் தெரியாத விடயமா?

வன்னியில் பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைக்கும் விவசாயியையும் நினைத்துப் பாருங்கள். அதில் யாராவது அகப்படும் முன்னரே, அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கை வைத்திருந்ததற்காக 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அவரைப் பிடித்துவிடும். பொலிஸாரின் துப்பாக்கி கடமைக்காக வழங்கப்பட்டது. அதனால் அவர்கள் மீது அந்தக் குற்றச்சாட்டு எழாது. சுட்ட செயலை மட்டுமே வைத்து வழக்கை நிறுவ வேண்டும்.

கூட்டத்தைக் கலைக்கச் சுட்டால் இன்னொரு தடையும் வரும். 2022 ஏப்ரல் 19 அன்று ரம்புக்கனையில் எரிபொருள் கேட்டுப் போராடியவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் கொல்லப்பட்டார். நீதவானின் உத்தரவையடுத்து சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் கைதானார். கைதுக்கு நீதவானின் உத்தரவு போதும். ஆனால் சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கச் செய்த செயல் என்று சொல்லப்படும்போது, வழக்குத் தொடர சட்டமா அதிபரின் அனுமதி வேண்டும்.

ஆகவே உறவினர்களும் அவர்களின் சட்டத்தரணிகளும் முதல் நாளிலேயே பார்க்க வேண்டியது, நீதவானிடம் பொலிஸார் கொடுக்கும் பீ அறிக்கையில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை. 296 என்றால் பிணை வழங்க மேல் நீதிமன்றத்தால்தான் முடியும். 298 என்றால் நீதவானே வழங்கலாம், சந்தேகநபர் சில நாட்களிலேயே வெளியே வந்து சாட்சிகளின் ஊரிலேயே நடமாடலாம். அன்றிரவு எந்தத் துப்பாக்கி யாருக்கு, எத்தனை தோட்டாக்களுடன் கொடுக்கப்பட்டது என்ற நிலையப் பதிவேட்டையும், துப்பாக்கியையும் வெற்றுத் தோட்டாக்களையும் அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பும் உத்தரவையும் அதே நாளில் நீதவானிடம் கேட்க வேண்டும்.