செவுளியைக் கொன்றது நகையா?

என் இணையரின் பெரியப்பாவுக்கு ‘முதல் மரியாதை’ என்றால் உயிர். எங்கள் திருமணத்துக்கு அவர்கள் வீட்டில் முதலில் சம்மதம் சொன்னவரும் அவர்தான். “மலைச்சாமி செருப்புத் தைக்கிறவர் மகளையே தன் வீட்டுப் பையனுக்குக் கட்டி வைக்கலையா” என்று கேட்டுத்தான் சொந்தக்காரர்கள் வாயை அடைத்தாராம். இதை என்னிடமே பெருமையாகச் சொன்னார். நான் பட்டியல் சாதிப் பெண். அவர் உதாரணம் காட்டிய மணப்பெண், படத்தில் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கொல்லப்படுகிறாள். அது அவருக்கு நினைவில்லை.

1985இல் பாரதிராஜா இயக்கிய படம். தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை: கல்யாணமான ஊர்ப் பெரியவர், பரிசல் ஓட்டிப் பிழைக்க வந்த இளம்பெண் குயிலை விரும்பலாமா? வயது வித்தியாசம் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். (மனைவியாக வரும் வடிவுக்கரசியும் சிவாஜியைவிடப் பல பத்தாண்டுகள் இளையவர்தான். அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.) எனக்கும் பிடித்த படம் என்பதை மறைக்கப் போவதில்லை. குயிலின் குடிசையில் உட்கார்ந்து சிவாஜி மீனை ருசித்துச் சாப்பிடும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பசிக்கும்.

ஆனால் அந்தக் காதல் எதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது? மலைச்சாமியின் மனைவி பொன்னாத்தா, கல்யாணத்துக்கு முன்பே வேறொருவனால் கருவுற்றவள். மாமன் மானத்தைக் காப்பாற்ற மலைச்சாமி அவளைக் கட்டிக்கொள்கிறார். ஆனால் அவளோடு வாழவில்லை. படம் இதைத் தியாகம் என்கிறது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர், சாதியின் சாரமே அகமணம்தான் என்றார். ஒரு சாதிக்குள் இணையில்லாமல் மிஞ்சி நிற்கும் பெண், வெளியே போய்விடாதபடி எப்படிக் ‘கையாளப்படுகிறாள்’ என்பதிலிருந்துதான் உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம் இரண்டையும் விளக்கினார். ஆய்வுக்காக அதைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொன்னாத்தா ஞாபகம் வருகிறது. அவளும் கையாளப்பட்டவள்தான். அவள் ஆசைப்பட்டுப் போனாளா, ஏமாற்றப்பட்டாளா என்பதில் படத்துக்கு அக்கறை கிடையாது. தாலி கிடைத்தது, ஊர் வாய் மூடியது. அதற்கு ஈடாக ஆயுள் முழுக்க ஒருவரும் தொடாத உடம்பு. அப்படி ஒரு பெண் கத்தாமல் வேறென்ன செய்வாள்? நாமோ அவள் கத்தலைப் பார்த்து முகம் சுளித்து, குயில் பக்கம் சாய்ந்துகொள்கிறோம். இரண்டு பெண்களையும் எதிரெதிரே நிறுத்தினால்தான் நடுவில் நிற்கும் ஆண் நல்லவராகத் தெரிவார்.

குயிலுக்கு என்ன கிடைத்தது? பொன்னாத்தாவைக் கெடுத்தவன் வருடங்கள் கழித்துத் திரும்பி வருகிறான். அவன் வாயைத் திறந்தால் மலைச்சாமி குடும்பத்தின் மானம் போய்விடும். குயில் அவனைக் கொன்றுவிட்டு, காரணத்தை யாரிடமும் சொல்லாமல் சிறைக்குப் போகிறாள். அதாவது, உயர்ந்த சாதி வீட்டின் அகமண ரகசியத்தைக் காக்க, அந்த வீட்டோடு ஒட்டும் உறவும் இல்லாத ஏழைப் பெண் தன் வாழ்க்கையைக் கொடுக்கிறாள். காதல் என்ற பெயர் அதற்குப் பொருந்தலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் மலைச்சாமி வீட்டிலிருந்து யாரும் எதையும் இழக்கவில்லை.

செவுளிக்கு வருவோம். செங்கோடனின் மகள். மலைச்சாமியின் பெருந்தன்மையால் அவருடைய உறவுப் பையனை மணக்கிறாள். பிறகு அவளைக் கொல்பவன் மலைச்சாமியின் சொந்த மருமகன். எதற்காக? நகைக்காக. சாகும்போது அவள் கடித்துத் துண்டாக்கிய கால்விரல்தான் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. மலைச்சாமி அவனைப் போலீசில் ஒப்படைக்கிறார். அவருடைய நீதிக்கு இன்னொரு மாலை. சாதி கடந்து வந்த மணப்பெண், மணமகனின் குடும்பத்தைச் சேர்ந்தவன் கையாலேயே சாகிறாள். அந்தக் கொலைக்குள் ஒரு துளி சாதி இல்லை என்று திரைக்கதை நம்மை நம்பவைக்கிறது.

நிஜத்திலும் இப்படித்தான் எழுதிப் பார்த்தார்கள். 2003இல் கடலூர் மாவட்டத்தில் கண்ணகியும் முருகேசனும் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். உள்ளூர்ப் போலீஸ் எழுதிய வழக்கில், தலித்தான முருகேசனின் உறவினர்களும் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். வழக்கு சிபிஐ கைக்குப் போய், 2021இல் கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, தண்டிக்கப்பட்டவர்களில் போலீஸ்காரர்களும் இருந்தார்கள். சாதியை மறைத்து எழுதிய முதல் கதை உடைய 18 ஆண்டுகள்.

போன மாதம் இந்தப் படத்தை அம்மாவோடு மறுபடி பார்த்தேன். செவுளி கல்யாணக் காட்சியில் அம்மா கேட்டார்: “இந்தப் புள்ள சாகாம இருந்திருந்தா, அந்த வீட்டு அடுப்படிக்குள்ள விட்டிருப்பாளா பொன்னாத்தா?” எனக்குப் பதில் வரவில்லை. கேள்வி படத்தைப் பற்றியது மட்டுமல்ல என்று இருவருக்கும் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு அம்மா ஒரே ஒருமுறைதான் சம்பந்தி வீட்டுக்குப் போனார். திண்ணையில் நாற்காலி போட்டு, காகிதக் கப்பில் காபி கொடுத்தார்கள். மற்றவர்கள் கையில் டம்ளர் இருந்ததை அம்மா அன்றைக்குச் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்துத்தான் சொன்னார்.

பெரியப்பா எங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்து சாப்பிட்டிருக்கிறார். விரலைச் சப்பிச் சப்பிச் சாப்பிடுவார். சாப்பிட்டதை ஊர் முழுக்கச் சொல்வார். பொய் இல்லாத மனுஷர், எனக்கு அவர்மேல் அன்பு உண்டு. செவுளி செத்ததை அவர் மறந்திருப்பதிலும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. செவுளி சாக, மலைச்சாமி உயர்ந்து நிற்கும்படி எடுத்த படத்தை அவர் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார். அம்மா விரால் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் கேட்கப்போகிறேன்: “பெரியப்பா, அம்மாவை எப்ப உங்க வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுறீங்க?”