சாயத்தையும் சேர்த்து வெளுக்கிறோம்

2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் நிகர சுழியத் தொழில்துறைச் சட்டம், 2030க்குள் ஆண்டுக்கு 5 கோடி டன் கார்பன் டைஆக்சைடை நிலத்தடியில் செலுத்தும் திறன் வேண்டும் என்கிறது. மூடிய எண்ணெய், எரிவாயு வயல்களின் நிலவியல் தரவைப் பொதுவில் வைக்கவும் பணிக்கிறது. நல்லது. ஆனால் எந்த நிலையில் உள்ள தரவு?

வற்றிய வயலில் எஞ்சிய வாயு இருக்கும். அது உப்புநீரோடு சீராகக் கலந்திருந்தால், காஸ்மன்–வுட் கணக்கில் சொற்ப வாயுவே பி-அலையின் (நிலத்துக்குள் செல்லும் அழுத்த அலையின்) வேகத்தைச் சரித்துவிடும். அதற்குமேல் 5 விழுக்காடா 50 விழுக்காடா என்று வேகம் சொல்லாது. திட்டுத்திட்டாக நின்றால் வேகம் மெல்லத்தான் இறங்கும். வேகம் மட்டும் கையிலிருந்தால் செறிவையும் திட்டளவையும் பிரிக்க வழியில்லை. பிரிக்க உதவுவது தேய்வு, அதாவது போகும் வழியில் அலை இழக்கும் ஆற்றல். 1975இல் புவி இயற்பியலாளர் ஒயிட் காட்டியதும் இதுதான்: அலை அழுத்தும்போது நீர் திட்டின் விளிம்பைத் தாண்டி ஓடுகிறது, ஆற்றல் அங்கே கரைகிறது. ஒரு டார்சி மணற்கல்லில், 30 ஹெர்ட்ஸில், ஒரு சுழற்சிக்குள் அழுத்தம் சில பத்து சென்டிமீட்டர் பரவும். ஆய்வகத்தில் 500 கிலோஹெர்ட்ஸில் சில மில்லிமீட்டர்தான். (மீயொலி அளவீட்டை அப்படியே வயலுக்குத் தூக்கிப்போகும் கட்டுரைகள் இன்னும் நம் மேசைக்கு வருகின்றன.)

இந்தத் தேய்வைத்தான் நில அதிர்வுத் தரவைச் செயலாக்கும்போது ஈடுகட்டிவிடுகிறார்கள். படம் பளிச்சென்று வரும். அழுக்கோடு சாயமும் போயிருக்கும். மூடிய வயல் ஒன்றின் தரவைக் கேட்டு ஏழு மாதம் அலைந்தேன். வந்த எஸ்இஜி-ஒய் கோப்பின் நாற்பது வரித் தலைப்பில் ‘கியூ ஈடு செய்யப்பட்டது’ என்று ஒரு வரி. தேய்வைக் குறிக்கும் அந்த கியூவின் மதிப்பு என்ன, எந்த ஆதார அதிர்வெண்? அடுத்த வரி காலி. களப்பதிவைக் கேட்டால், நாடாக்களை வைக்க இடமில்லை, கழித்துவிட்டோம் என்றார்கள். ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு எழுதினேன். தரவு கிடைத்துவிட்டதால் கோரிக்கை நிறைவேறியது என்று கோப்பை மூடினார்கள். படம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களிடம் என்ன பேசுவது?

கார்பன் டைஆக்சைடை நிலத்தடியில் சேமிப்பது பற்றிய 2009ஆம் ஆண்டு உத்தரவின் 18ஆம் பிரிவை எழுதியதும் இதே ஐரோப்பிய ஒன்றியம்தான். செலுத்திய வாயு கணிப்பின்படி நடந்துகொண்டது என்று காட்டினால்தான் பொறுப்பு அரசுக்கு மாறுமாம். அதற்குப் பொதுவாக மூடியபின் 20 ஆண்டாவது ஆகவேண்டும். அன்றைக்கு எதோடு ஒப்பிடுவார்கள்?

ஈடு செய்யாத களப்பதிவும் செயலாக்க வரிசையும் சேர்ந்ததே ‘நிலவியல் தரவு’ என்று வரையறுக்க வேண்டும். நாடா வைக்க இடமில்லையென்றால் எங்கள் ஆய்வகத்தின் பின்னறை காலியாகத்தான் கிடக்கிறது.