சித்திரையைத் தாண்டாத பூ எதற்கு?

மார்கழி பிறந்தால் போதும், தாம்பரம் பக்கத்துச் சாலையோர நர்சரிகளில் வண்டி வண்டியாகத் தொட்டிகள் வந்து இறங்கிவிடுகின்றன. பெட்டூனியா, பாயின்செட்டியா, டயாந்தஸ், பெகோனியா என்று வாயில் நுழையாத பெயர்கள். ஓசூர், பெங்களூர் பக்கத்துக் குளிரில் வளர்ந்து, பூத்த முகத்தோடு லாரி ஏறி வருபவை. வாங்கி வாசலில் வைத்தால் தைப் பொங்கல் வரை வீடு ஜொலிக்கும். மாசியில் முகம் வாடும். பங்குனியில் குப்பைக்காரர் வண்டியில் ஏறும். அடுத்த மார்கழியில் மறுபடி அதே கடை, அதே பேரம்.

இதை நான் ஒரு வழக்கமாக ஏற்கவில்லை. நம் ஊரில் பனிக்காலத்து நிறம் கடையில் வாங்குகிற சரக்கே அல்ல. ஆடியில் குச்சி நட்டு மார்கழியில் பார்க்க வேண்டிய விஷயம். செடி தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இது சித்திரை வெயிலைத் தாண்டுமா? தாண்டாது என்றால், எத்தனை அழகாக இருந்தாலும் அது விருந்தாளி. விருந்தாளியை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது.

கோளாறு எங்கே ஆரம்பிக்கிறது என்றால், பருவத்தைப் பிரிப்பதில். தோட்டக்கலைப் புத்தகங்களும் வீடியோக்களும் 'விண்டர்', 'ஸ்பிரிங்' என்று பேசுகின்றன. அங்கே விண்டர் என்றால் மண் உறைந்து, செடி உறங்கும் காலம். அதனால் குளிர் தாங்கும் சில பூச்செடிகளைத் தேடிப்பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அது அவர்கள் ஊருக்கு நியாயம். நமக்கோ வருஷத்துக்கு ஆறு பருவம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம், பரீட்சை எழுதினோம், மறந்துவிட்டோம். செடிகள் மறக்கவில்லை.

சென்னைப் பக்கத்தில் மார்கழி, தை இரவுகளில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். எந்தச் செடியும் இங்கே உறங்க வேண்டிய அவசியம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மண்ணை ஊற வைக்கிறது. அந்த ஈரத்தைக் குடித்துவிட்டு முன்பனியில் பூக்கிறது ஒரு கூட்டம். மாசியில் ஈரம் வற்றத் தொடங்கியதும், இலையைக் கொட்டிவிட்டு மொட்டைக் கிளையில் பூக்கிறது இன்னொரு கூட்டம். வேப்பமும் புங்கமும் கொன்றையும் வெயில் ஏற ஏறப் பூக்கும் மூன்றாவது கூட்டம். இந்த மூன்றிலிருந்தும் ஒன்றிரண்டு எடுத்தால் மார்கழியிலிருந்து வைகாசி வரை வாசலில் நிறத்துக்குப் பஞ்சமே வராது.

முதல் கூட்டத்துக்குத் தலைவி டிசம்பர் பூ. ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு, வெள்ளையில் ஊதாக் கோடு போட்டது என்று எத்தனை விதம்! வாசனை கிடையாது. ஆனாலும் மார்கழியில் நம் வீட்டுப் பெண்கள் தலையில் அது இல்லாத நாள் உண்டா? அரை நிழலிலும் வரும். ஆடி, ஆவணி மழையில் ஒரு சாண் குச்சியை மண்ணில் செருகினால் ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும். பூத்து ஓய்ந்ததும் தை கடைசியில் ஒரு வெட்டு வெட்டிவிட்டால், அடுத்த வருஷம் இரண்டு மடங்காக நிற்கும். இதற்கு மேல் ஒரு செடியிடம் என்ன கேட்பது?

அடுத்தது ஆவாரை. கிராமத்தில் பொட்டல் காட்டில் கிடப்பது என்பதால் நகரத்தில் அதற்கு மரியாதை இல்லை. பொங்கலுக்கு முன் காப்புக் கட்டப் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் அதைத் தேடிச் சந்தைக்குப் போவோம், காசு கொடுத்து ஒரு கொத்து வாங்குவோம். வீட்டு வேலியில் ஒன்று வைக்க மாட்டோம். தங்க மஞ்சளாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். வேர் பிடித்த பிறகு தண்ணீர் என்று கேட்காது. மஞ்சள் பட்டாம்பூச்சிகள் அதைத் தேடி வந்து முட்டையிடும். கனகாம்பரமும் இந்த மண்ணில் பிறந்ததுதான். அதற்கு ஒரே வியாதி வேரில் நூற்புழு. ஊடே கேந்திச் செடியை நட்டுவிட்டால் அது பெருமளவு அடங்கும், கேந்தியின் மஞ்சளும் ஆரஞ்சும் உபரி லாபம். பொங்கலுக்குக் கேந்தி வேண்டுமானால் ஐப்பசியில் விதை போட்டால் போதும்.

இரண்டாம் கூட்டம் பின்பனிக்கானது. கல்யாண முருங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழிச் சளிக்கு அதன் இலையில் அடை. மாசியில் இலை உதிர்ந்ததும் கிளை நுனியெல்லாம் செக்கச் செவேல் என்று பூ. அன்றைக்கு அந்த மரத்தில் மைனாவும் தேன்சிட்டும் போடும் கூச்சலில் நமக்குக் காலைத் தூக்கம் போய்விடும். 2000களின் நடுவில் இலையை முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் ஒரு சின்னக் குளவி வந்து எத்தனையோ மரங்கள் போயின. மிஞ்சி நிற்பவற்றிலிருந்து கிளை எடுத்து நடலாம், வரும்.

புரசு இன்னொன்று. புரசைவாக்கம் என்று ஊருக்குப் பெயரே அந்த மரத்தால்தான். அங்குள்ள கங்காதீஸ்வரர் கோயிலுக்கு அதுதான் தல விருட்சம். இன்று புரசைவாக்கத்தில் நூறு பேரை நிறுத்தி 'புரச மரம் எது?' என்று கேளுங்கள். எத்தனை பேர் கைநீட்டிக் காட்டுவார்கள் என்று பார்ப்போம். ஊர்ப்பெயரில் மரத்தை வைத்துக்கொண்டு, வாசலில் பாயின்செட்டியா வைக்கிறோம்.

"சார், எனக்கு இருப்பது அரை கிரவுண்டு. அதில் மரம் எங்கே வைக்க?" என்பீர்கள். நியாயம். வர்தா புயலுக்குப் பிறகு மரம் என்றாலே பலருக்குப் பயம், அதுவும் எனக்குத் தெரியும். கொடி வையுங்கள். காகிதப்பூவை மதில் மேல் ஏற்றிவிடுங்கள். அது நன்றாகப் பூக்காததற்குப் பெரும்பாலும் காரணம் நம் அன்புதான். தினமும் தண்ணீர் ஊற்றினால் இலையாகவே தள்ளும். மழை நின்றதும் தண்ணீரைக் குறைத்துக் கொஞ்சம் வாட விடுங்கள், தை மாசியில் இலை தெரியாமல் பூக்கும். வேண்டுமானால் நீலப் பூச்சரமாகத் தொங்கும் பெட்ரியாக் கொடி இருக்கிறது. நம்மூரில் மாசி பங்குனிதான் அதற்குக் கொண்டாட்டம்.

இங்கே ஒருவர் எழுந்து, "காகிதப்பூ பிரேசில்காரன் ஆயிற்றே, கேந்தி மெக்சிகோ ஆயிற்றே, அதை மட்டும் ஏன் சேர்க்கிறீர்?" என்று கேட்கக்கூடும். கேட்கட்டும். நான் செடியின் பிறப்புச் சான்றிதழைக் கேட்கவில்லை. பாயின்செட்டியாவும் மெக்சிகோதான். வேறுபாடு ஊரில் இல்லை, குடித்தனத்தில் இருக்கிறது. கேந்தியின் விதையை எடுத்து அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்கிறோம். காகிதப்பூ மூன்று தலைமுறையாக மதிலில் இருக்கிறது. கடைப் பாயின்செட்டியாவோ குட்டையாக, அடர்த்தியாகத் தெரிவதற்காக வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுத்து வளர்க்கப்படுவது. அதன் இலை மறுபடி சிவக்க வேண்டுமானால் தினமும் நீண்ட, இடைவிடாத இருட்டு தேவை. நம் தெருவிளக்கு அதற்கு விடுமா? அதனால் அடுத்த வருஷம் அது பிழைத்திருந்தாலும் பச்சையாகவே நிற்கும். தெரிந்தவர்கள் கறுப்புத் துணி போட்டு மூடுவார்கள். ஒரு செடிக்குத் தினமும் படுக்கை விரித்து, விளக்கணைத்துத் தாலாட்ட எனக்கு வயதில்லை.

இது ஏதோ என் சொந்த ருசி என்று விட்டுவிட முடியவில்லை. காரணம் சொல்கிறேன். எங்கள் நகரில் நலச்சங்கம் பராமரிக்கும் ஒரு சின்னப் பூங்கா உண்டு. மதில் ஓரமாக மூன்று நிறத்தில் டிசம்பர் பூ வரிசை. 1980களில் இங்கே மனை வாங்கி வந்த பெண்மணிகள் ஆளுக்கு ஒரு குச்சி கொண்டுவந்து நட்டது. அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் 'அழகுபடுத்துகிறோம்' என்று அந்த வரிசையைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கி, 80 தொட்டி பெட்டூனியா வைத்தார்கள். கூட்டத்தில் நான் எதிர்த்தேன். "அங்கிள், அது காட்டுச்செடி. வருஷத்துல ரெண்டு மாசம்தான் பூக்குது. பார்க்குன்னா கலர் வேணும்" என்றார் பொறுப்பில் இருந்த இளைஞர். நல்ல பையன், மரியாதையாகத்தான் சொன்னார். கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் நான்கு கை. பங்குனியில் 80 தொட்டியில் வெறும் தேங்காய்நார்த் தூள்தான் மிச்சம். இரண்டு மாசம் பூக்கிறது என்று செடியைப் பிடுங்கிவிட்டு, இரண்டு மாசம் உயிரோடு இருக்கும் செடியை வைத்த கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வங்கியில் 34 வருஷம் கணக்குப் பார்த்தவன் நான்.

தண்ணீர்க் கணக்கு இதைவிட மோசம். 2019 கோடையில் குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்தோமே, நினைவிருக்கிறதா? தேங்காய்நார்த் தூள் தொட்டி ஒரு நாள் தண்ணீர் தவறினால் தலை தொங்கிவிடும். அந்தக் கோடையில் எங்கள் தெருவில் நின்றவை அரளி, காகிதப்பூ, நந்தியாவட்டை, பூவரசு. யாரும் ஒரு சொட்டு ஊற்றாமல் நின்றன. மழை வந்ததும் முதலில் பூத்ததும் அவைதான்.

ஆனால் பணத்தையும் தண்ணீரையும்விட எனக்குப் பெரிய கவலை வேறு. இந்தப் பூக்களெல்லாம் நமக்குக் கடையிலிருந்து வரவில்லை. பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டு, ஊருக்குப் போகும்போது ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை. கை மாறிக் கை மாறி வந்த சொத்து. கோடுபோட்ட டிசம்பர் பூவுக்காகச் சமீபத்தில் மூன்று நர்சரியில் கேட்டேன். இரண்டில் இல்லை, ஒன்றில் பெயரே தெரியவில்லை. விற்காததை அவர்கள் வைத்திருக்க மாட்டார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. அது இன்று உயிரோடு இருப்பது நம்மைப் போன்ற கிழங்களின் கொல்லையில்தான். நமக்குப் பின் வீடு பில்டரிடம் போகும். அவர் முதலில் செய்யும் வேலை, மனையைச் சுத்தம் செய்வது. அந்த ஒரு காலைப்பொழுதில் ஐம்பது வருஷத்துச் செடி போய்விடும். பிறகு எந்தக் கடையில் போய்க் கேட்பது?

ஆகையால், என் வயதுக்காரர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். வருகிற ஆடியில் உங்கள் டிசம்பர் பூவிலிருந்து பத்துக் குச்சி ஒடியுங்கள். கல்யாண முருங்கை இருந்தால் கட்டை விரல் தடிமனில் ஒரு கிளை. ஆவாரை நெற்று காய்ந்திருந்தால் ஒரு பிடி விதை. பழைய பால் கவரில் செம்மண்ணும் தொழு உரமும் போட்டு நட்டு வையுங்கள். வேர் பிடித்ததும் தெருவில் புதிதாகக் குடிவந்திருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுங்கள். எப்போது வெட்ட வேண்டும், எப்போது தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'கலர் வேண்டும்' என்று கேட்கும் பிள்ளைதானே, நாம் கொடுத்துப் பார்ப்போம். எங்கள் நலச்சங்கத்து இளைஞருக்கு நான் ஆறு கவர் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.