தோல்விக்கு யார் பொறுப்பு?

கடைசி நொடியில் ஒரு புள்ளியில் தோற்றால், பந்தைத் தவறவிட்டவள் பெயர்தான் செஞ்சிப் பேருந்து நிலையம் வரை அடிபடுகிறது. இது நியாயமன்று என்கிறோம்.

1972 மியூனிக் ஒலிம்பிக் கூடைப்பந்து இறுதியாட்டத்தில் கடைசி நொடிகள் மும்முறை ஆடப்பட்டு, சோவியத் அணி 51–50 என வென்றது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை ஏற்க மறுத்தனர். அவர்கள் மனக்குறையில் நியாயம் உண்டு. ஆனால் இடைவேளையிலேயே 21–26 எனப் பின்தங்கியிருந்தார்களே, அதை யார் பேசுகிறார்கள்?

முதல் நிமிடத்தில் விட்ட கூடைக்கும் அதே 2 புள்ளிதான். எண்ணிப் பார்த்தால் ஐவர் பெயரும் வரும். கைதட்டாமல் கடலை கொறித்த நம் பெயரும் வரலாம்!

அடுத்த ஆட்டத்திலும் கடைசிப் பந்தை அந்தத் தோழியிடமே தருமாறு விளையாட்டு ஆசிரியையைக் கேட்டுக்கொள்கிறோம்.