இறந்தவரின் அட்டை

ராபர்ட் கூவரின் 'யுனிவர்சல் பேஸ்பால் அசோசியேஷன்' நாவல் 1968-இல் வெளிவந்தது. அதன் நாயகன் ஹென்றி தனியாக வாழும் ஒரு கணக்கர். மூன்று பகடைகளையும் சில அட்டவணைகளையும் வைத்துக்கொண்டு தன் அறைக்குள்ளேயே எட்டு அணிகள் கொண்ட ஒரு பேஸ்பால் லீகை நடத்துகிறார். ஆட்டக்காரர்களின் பெயர், குலம், பகை அனைத்தும் அவரது கற்பனை. ஒரு நாள் மூன்று பகடைகளிலும் ஒன்று விழுகிறது. ஹென்றி மகனைப்போல் நேசித்த இளம் ஆட்டக்காரன் டேமன் ரூதர்ஃபோர்ட், எறிபந்து தாக்கி இறந்துபோகிறான். அந்த மரணத்தை ஹென்றியால் தாங்க இயலவில்லை.

இந்த நாவலின் வழியாகத்தான் பாவனை பேஸ்பால் என்னும் உலகம் எனக்கு அறிமுகமாயிற்று. அது நாவலாசிரியரின் கற்பனை மட்டுமன்று. ஹால் ரிச்மன் என்பவர் 1961-இல் தொடங்கிய 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' விளையாட்டை வைத்து அமெரிக்காவில் எத்தனையோ லீகுகள் நடக்கின்றன. உண்மையான ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. மூன்று பகடைகளில் நிறம் வேறான ஒன்று 1 முதல் 3 வரை காட்டினால் மட்டையாளரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4 முதல் 6 வரை என்றால் பந்தெறிபவரின் அட்டையை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை விளைவைச் சொல்லும். பாதி உன் கையில், பாதி எதிராளியின் கையில் என்ற வாழ்க்கை நியதியை இதைவிட எளிமையாகச் சொல்லிவிட முடியாது.

வரவிருக்கும் பருவத்துக்கு அணிப் பட்டியல் தயாரிப்பதுதான் இவ்விளையாட்டின் உயிர்நிலை. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, இடக்கை எறிபவரை எதிர்கொள்ள யாரை நிறுத்துவது என்று வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். ஆனால் இந்த 'வரவிருக்கும் பருவம்' விசித்திரமானது. உண்மையான ஆட்டங்கள் முடிந்த பிறகு, அந்த ஆண்டின் கணக்கிலிருந்தே புதிய அட்டைகள் உருவாகின்றன. எதிர்காலத்துக்குத் திட்டமிடுகிறவர் கைகளில் இருப்பது முழுக்க முழுக்க இறந்தகாலம். உண்மையில் எத்தனை இன்னிங்ஸ் எறிந்தாரோ அதற்குமேல் ஒருவரை எறியவிடக் கூடாது என்ற வரம்பையும் பல லீகுகள் வைத்திருக்கின்றன.

இந்த இடத்தில்தான் ஒரு கேள்வி எழுகிறது. இறந்துவிட்ட ஒருவரைப் பட்டியலில் சேர்க்கலாமா?

இது வெறும் தர்க்க விளையாட்டன்று. மயாமி மார்லின்ஸ் அணியின் பந்தெறிபவர் ஹோசே ஃபெர்னாண்டஸ் 2016 செப்டம்பர் 25 அன்று படகு விபத்தில் இறந்தார். வயது 24. கியூபாவிலிருந்து படகில் தப்பி வந்தபோது கடலில் விழுந்த ஒருவரைக் காப்பாற்றக் குதித்து, அது தன் தாய் என்பதைப் பிறகே உணர்ந்தவர் அவர். இறந்த அந்தப் பருவத்தில் 182 இன்னிங்ஸுக்குச் சற்று மேல் எறிந்து 253 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். அடுத்த பருவத்துக்கு அணி அமைத்தவர்களின் முன்னால், மிகச் சிறந்த அட்டைகளுள் ஒன்றாக அவருடைய அட்டையும் இருந்தது.

அதைத் தொடக்கூடாது, அது இறந்தவருக்குச் செய்யும் அவமரியாதை என்பது ஒரு தரப்பு. அது வெறும் எண், எண்ணுக்கு ஏது சாவு என்பது மறுதரப்பு. இரண்டுமே எனக்கு ஏற்புடையன அல்ல. முதல் தரப்பு மரியாதை என்ற பெயரில் அவருடைய உழைப்பை மறைக்கிறது. இரண்டாவது தரப்பு எண்ணைப் படிக்கத் தெரியாதது.

எண்ணைப் படிப்பது என்றால் என்ன? ஃபெர்னாண்டஸ் இறந்த மறுநாள் மார்லின்ஸ் வீரர்கள் அனைவரும் அவரது பெயரும் 16 என்ற எண்ணும் பொறித்த சட்டையோடு இறங்கினார்கள். முதலில் மட்டை பிடித்த டீ கார்டன் இடக்கை ஆட்டக்காரர். நண்பரைப் போலவே வலப்பக்கம் நின்று ஒரு பந்தை விட்டுவிட்டுத் தன் பக்கத்துக்கு மாறினார், அதே முறையில் ஹோம் ரன் அடித்தார், அழுதுகொண்டே ஓடினார். அந்தப் பருவம் முழுவதிலும் அவர் அடித்த ஹோம் ரன் அது ஒன்றுதான். கணக்கில் 'ஒன்று' என்று மட்டும் இருக்கும். அந்த ஒன்றுக்குள் இருப்பதை அறிந்து பட்டியல் எழுதுகிறவர்தான் நல்ல வாசகர்.

எனவே, சேர்க்கலாம் என்பதே என் தரப்பு. நம் முன்னோர் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டார்கள். கல் அசையாமல் நிற்கும். இந்த அட்டையோ ஆடும். அவர் வாழ்ந்து எறிந்த அந்த 182 இன்னிங்ஸையும் முறையாக, வரம்பு மீறாமல் எறியவிட்டு, பருவ முடிவில் அட்டையை எடுத்து வைத்துவிட வேண்டும். அதன்பின் அவருக்குப் புதிய அட்டை கிடையாது. பிரிவை ஏற்றுக்கொள்ள இதைவிட நேர்மையான வழி எனக்குத் தோன்றவில்லை.

ஹென்றி தவறியது இங்கேதான். அவர் துக்கப்பட்டது பிழையன்று. டேமனைக் கொன்ற பந்தை எறிந்தவனைப் பழிவாங்க, பகடைகளை உருட்டாமல் மூன்றிலும் ஆறு வரும்படி தன் கையாலேயே எடுத்து வைத்தார், அதுதான் பிழை. அந்தக் கணத்தில் விளையாட்டு முடிந்துவிட்டது, வேறொன்று தொடங்கிவிட்டது.

பட்டியல் எழுதும்போது அன்பு, துக்கம், பிடிவாதம் எல்லாவற்றுக்கும் இடமுண்டு. எழுதி முடித்தபின் பகடையை உருட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்ய இயலாதவர் பட்டியல் எழுதத் தொடங்காதிருப்பதே நல்லது.