ஏரிக்கரையில் அரை மணி

"படிக்கிற பிள்ளைக்கு வெளியில் என்ன வேலை?" என்பது கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பரீட்சைக் காலந்தோறும் திண்ணைகளில் கேட்கும் வசனம். மகன் கலாசாலையில் சேர்ந்துவிட்டால், அவனை மணிலாக் கொல்லைப் பக்கம் விடாதிருப்பதே வீட்டுக்குக் கௌரவம். 'நாம் வெயிலில் பட்டது போதும். அவனாவது நிழலில் இருக்கட்டும்' என்னும் பெற்றோர் ஆசையைக் குறைகூற யாருக்கும் மனம் வராது. ஆனால் வெயிலைத் தடுக்கப்போய் வேப்பங்காற்றையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறோமே!

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணாக்கர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கூறுகிறது. வறுமை, நோய், குடும்பக் கலகம், பரீட்சைத் தோல்வி என்று காரணங்கள் அநேகம். மரத்தடியில் உட்கார்ந்தால் இவை யாவும் பறந்துபோகும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் மனப்பாரம் முற்றுமுன் அதைச் சற்று இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கி வேண்டாமா?

அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையார் இவ்விஷயம் பற்றிய 14 ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்து, 2020-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார்கள். கலாசாலைப் பருவத்தினர் மரஞ்செடிகளுக்கிடையே 10 முதல் 50 நிமிஷம் நடந்தாலும் சரி, சும்மா உட்கார்ந்தாலும் சரி, மனமும் உடலும் நலம் பெறுகின்றன என்பதே அம்முடிவு.

இதை நம்மவர் அறியாதவரல்லர். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலை 1937-ஆம் ஆண்டில் நெருக்கடி மிகுந்த ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்தின் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. இரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே மரங்களை நட்டு வளர்த்தார்கள். சுமார் 365 ஏக்கர் பரப்புள்ள அந்த வளாகத்தில் இன்றும் மான் மேய்கிறது.

நமக்கு அத்தனை ஏக்கர் வேண்டுவதில்லை. ஏரிக்கரை இருக்கிறது, பனையும் புளியும் இருக்கின்றன, மேற்கே அண்ணாமலை இருக்கிறது. இல்லாதது பெரியவர்களின் அனுமதி ஒன்றுதான். அதிலும் பெண் பிள்ளைகளின் நிலைமை பரிதாபம். கலாசாலை மாணவி ஒருத்தி மாலையில் தனியே ஏரிக்கரையில் நடந்தால் ஊர் நாலு விதமாகப் பேசும். அதற்கு ஓர் உபாயம் உண்டு: தாயாரும் கூடப் போகட்டும். பேசுகிறவர்கள் பத்து நாளில் அலுத்துப்போவார்கள். அதற்குள் தாயாருக்கும் அந்தக் காற்று பிடித்துப்போகும்.

அந்த அரை மணி நேரம் கைப்பேசி வீட்டிலேயே இருக்கட்டும். திரும்பி வந்ததும் "எத்தனை பக்கம் படித்தாய்?" என்று கேட்காதீர்கள். அப்படியும் பிள்ளையின் முகவாட்டம் நாள்கணக்கில் நீங்காவிடில், நாணமின்றி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்காக அரசாங்கம் வைத்திருக்கும் 14416 என்ற இலவச எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.